கடதாசியில் உலரும் நிறம்



புத்தளம் களப்பின் கரையோரக் கிராமங்களில், நைலோன் வலை வந்து சேர்வதற்கு முந்திய காலத்தில், மீனவர் பருத்தி நூலால் முடைந்த வலைகளையே கையாண்டனர். உவர்நீரில் அந்நூல் விரைந்து உக்கிவிடும். அதனைத் தடுக்கும் பொருட்டுக் கண்டல் மரப்பட்டையை நீரிலிட்டுக் காய்ச்சி, அச்சாற்றிலே வலையைத் தோய்த்து உலர்த்துவர். செம்மை படர்ந்த கபில நிறம் வலைக்கு ஏறும். இத்தொழிலை இளமையிற் செய்து பழகிய முதியவர் ஒருவரிடம், சாறு பதமாயிற்று என்பதை எவ்வாறு அறிவீர்கள் என்று ஒருமுறை வினவினேன். "சட்டியப் பாத்துச் சாயம் சொல்ல ஏலாது மாஸ்டர். ஒரு முழ நூல முக்கி, வெயில்ல காயப் போட்டுத்தான் பாக்கணும்" என்று அவர் விடை தந்தார்.

அச்சுத் தொழிலில் வண்ண மையைச் செவ்வையாக ஆயத்தஞ் செய்தல் பற்றி இன்று நான் கூற எடுத்துக்கொண்ட செய்தி பெரும்பாலும் அம்முதியவரின் விடைக்குள் அடங்கியிருக்கிறது. மை அடைத்த டின்னைத் திறந்து பார்த்து அதன் நிறத்தைச் சொல்லலாகாது. கணினித் திரையைப் பார்த்தும் சொல்லலாகாது. எந்தக் கடதாசியில் அச்சிட இருக்கிறோமோ அந்தக் கடதாசியில் மெல்லிய படலமாகப் படிந்து, உலர்ந்து, பகல் வெளிச்சத்திலே கண்ணுக்குத் தோன்றுவதே அந்த மையின் நிறம்.

கலைப் பட்டம் பெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் அச்சு மையைப் பற்றிப் பேசப் புகுந்தது ஏன் என்று நேயர்கள் கேட்கலாம். பட்டறிவே காரணம். அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

என் பாடசாலை களப்போரத்தில் உள்ள ஓர் அரசாங்கப் பாடசாலை. பிள்ளைகளிற் பெரும்பாலார் மீனவர், உப்பளத் தொழிலாளர், கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர் ஆகியோரின் மக்கள். சில ஆண்டுகளுக்கு முன்னர், பெற்றோர் சிறுகச் சிறுகத் தந்த பணத்தைக் கொண்டு ஆண்டு மலர் ஒன்றை வெளியிட எண்ணினோம். மேல்வகுப்பு மாணவி ஒருத்தி தீட்டிய களப்பின் ஓவியம் அட்டைக்கு அமைந்தது. ஆழ்ந்த நீல நீர்; அதன் மேல் ஒற்றைத் தோணி. உள்ளே ஒரு பக்கத்தை நினைவுப் பக்கமாக ஒதுக்கினோம். தரம் 11இற் பயின்ற மாணவன் ஒருவன் விடுமுறை நாளொன்றில் சிறிய தந்தையாரின் படகிற் கடலுக்குச் சென்றவன், மீண்டு வரவில்லை. அவனுடைய தாயாரிடம் இருந்தது அடையாள அட்டைக்காக எடுத்த சிறு படம் ஒன்றே. அதனைப் பெரிதாக்கி, கருநீலப் பின்னணியிலே, கீழே அவன் பெயரை வெண்ணிற எழுத்தில் அமைக்கும்படி கேட்டுக்கொண்டோம்.

அச்சகத்தார் பக்கங்களை என் கைத்தொலைபேசிக்கு அனுப்பினர். பார்த்தேன், அழகாக இருந்தன. "நன்று, அச்சிடுக" என்று மறுமொழி எழுதினேன். இரண்டு கிழமைகளின் பின்னர்ப் பொதிகள் வந்திறங்கின. களப்பு கத்தரிப்பூ நிறத்திற் கிடந்தது. மாணவனின் முகத்திலே கண்ணும் மூக்கும் ஒன்றோடொன்று கலந்து ஒரே கரிய திட்டாகி இருந்தன. பெயரின் வெள்ளெழுத்துக்களுட் பாதி, சுற்றியிருந்த மை புகுந்து அடைபட்டுப் போயின. சினம் மேலிட நான் அச்சகத்துக்குச் சென்றேன். அவர்கள் தங்கள் திரையைக் காட்டி, "இங்கே சரியாகத்தானே இருக்கிறது?" என்றனர். உண்மையில் அங்கே சரியாகத்தான் இருந்தது. அவர்களும் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. ஆயினும் அத்தாய்க்குக் காட்ட என்னிடம் ஒரு முகம் இல்லை.

அதன் பின்னரே, கொழும்பில் நெடுங்காலம் அச்சியந்திரம் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவரை நாடி, இத்தொழிலின் நுணுக்கங்களைக் கேட்டும் படித்தும் அறியத் தலைப்பட்டேன்.

எழுதும் மையும் அச்சு மையும் வெவ்வேறு சாதி. எழுதும் மை நீரிற் கரைந்தது. அது உலோக எழுத்தின்மேல் ஒட்டாது, துளித்துளியாகத் திரண்டு உருளும். ஆதலின் 15ஆம் நூற்றாண்டிலே ஐரோப்பாவில் உலோக எழுத்துக்களால் அச்சிடத் தொடங்கியோர், ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சித் தடிப்பாக்கி, அதிலே விளக்குப் புகைக்கரியை அரைத்து மை கூட்டினர். அடிப்படை முறை இன்றும் அதுவே. நிறந்தரும் நுண்பொடி ஒன்று. அதனைத் தாங்கிக் கடதாசியிற் பிடித்து வைக்கும் எண்ணெயும் பிசினும் ஒன்று. விரைந்து உலர உதவும் சேர்மானங்கள் சில. பொடியும் எண்ணெயும் எவ்வளவுக்கு நுண்ணிதாக அரைபடுகின்றனவோ அவ்வளவுக்கு மை மேன்மையுறும். இதற்கென மூன்று உருளைகள் ஒன்றையொன்று உரசிச் சுழலும் அரைப்பு யந்திரங்கள் உள்ளன. அம்மியில் அரைத்த கூட்டுக்கும் கையாற் பிசைந்த கூட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இலங்கையில் அச்சுக்கலை 1737இல் ஒல்லாந்தர் கொழும்பில் நிறுவிய அச்சகத்தோடு தொடங்கிற்று. எங்கள் கற்பிட்டியிலே 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டியின் இலங்கை விவரத் திரட்டு 1834இல் கோட்டே கிறிஸ்தவ சங்கத்தார் அச்சகத்திலும், தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் அவருடைய மற்றொரு நூல் 1859இல் யாழ்ப்பாணத்திலும் அச்சாயின. ஒரு கரையோர ஊரின் அறிவாளர் எழுதியது உலகெங்கும் சென்றது கறுப்பு மை ஒன்றினாலேயே. கறுப்பு மையில் நிறம் பற்றிய ஐயத்துக்கு இடமில்லை. எழுத்து தெளிவாக விழுந்ததா, இல்லையா என்பதே வினா. வண்ணம் வந்தபோதுதான் தொல்லையும் வந்தது.

தொடக்கத்திலே ஒவ்வொரு நிறத்துக்கும் வெவ்வேறு கல் வேண்டியிருந்தது. 1796இல் செனெபெல்டர் என்னும் செர்மானியர் கல்லச்சு முறையைக் கண்டார். அம்முறையில், ஒரு படத்துக்குப் பல கற்கள் அமைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மைகளை ஏற்றி வண்ணப் படங்கள் அச்சிட்டனர். ஓவியர் இரவிவர்மா 1894இற் பம்பாயில் நிறுவிய அச்சகத்திலிருந்து வெளிவந்த தெய்வப் படங்கள் இவ்வகையினவே. நம் பாட்டிமார் பூசையறையில் மாட்டியிருந்த பழைய படங்களில் இலக்குமியின் சேலைச் சிவப்பு இன்றும் ஆழ்ந்து தோன்றுவதற்குக் காரணம், அந்தச் சிவப்புக்கென்றே ஒரு மையைக் கூட்டித் தனிக் கல்லில் ஏற்றியதுதான். சிவகாசியில் 1920களிலே தீப்பெட்டித் தொழில் வேரூன்றியபோது, பெட்டியில் ஒட்டும் வண்ணச் சிட்டைகளுக்கும் தேவை பிறந்தது. அங்கு அச்சுத் தொழில் தழைத்தது அதன் வழியாகவே. நாட்காட்டிகள் பின்னர் வந்தன.

இன்று பெரும்பான்மையான வண்ண அச்சு வேறு வழியிற் செல்கிறது. நான்கே மைகள்: சியான் எனப்படும் பசுமை சாயல் நீலம், மெஜந்தா எனப்படும் ஊதாச் சாயற் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. இந்நான்கையும் கண்ணுக்குப் புலனாகாத சிறு புள்ளிகளாக அருகருகேயும் மேலும் மேலும் அச்சிட, எல்லா நிறங்களும் தோன்றுவன போற் கண் மயங்குகிறது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே லெ பிளோன் என்பார் நீலம், மஞ்சள், சிவப்பு என்னும் மூன்று தகடுகளால் முழு வண்ணப் படங்களை அச்சிட்டுக் காட்டினார். கருத்து பழையது, கருவிதான் புதியது.

இங்கே ஓர் உண்மையைக் கருத்தூன்றிக் கேட்க வேண்டுகிறேன். சுவருக்குப் பூசும் வர்ணம் சுவரை மறைக்கும். இந்நான்கு மைகளுள் வண்ண மைகள் மூன்றும் கடதாசியை மறைப்பன அல்ல. அவை வண்ணக் கண்ணாடி போல ஒளியை ஊடுருவ விடுவன. வெளியிலிருந்து விழும் ஒளி மைப் படலத்தினூடே சென்று, கடதாசியின் வெண்மையிற் பட்டுத் திரும்பி, மீண்டும் படலத்தைக் கடந்து நம் கண்ணை அடைகிறது. ஓப்செட் அச்சில் அப்படலத்தின் கனம் ஏறத்தாழ 1 மைக்ரோன். அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. எனவே அச்சில் விளக்காக இருந்து ஒளி தருவது கடதாசியே. கடதாசி மங்கினால் நிறம் மங்கும். கடதாசி மஞ்சளித்தால் நீலம் பச்சையை நோக்கிச் சாயும்.

கணினித் திரையோ தானே எரியும் விளக்கு. அது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டும். மையானது வெண்ணொளியிலிருந்து கழித்து நிறம் காட்டும். கூட்டுவதால் எட்டும் சில நிறங்களைக் கழிப்பதால் எட்ட முடியாது. ஒளிரும் ஆழ்நீலம் அத்தகையவற்றுள் முதன்மையானது. திரையில் உள்ள நீலத்தைக் கணினி நான்கு மைகளின் அளவாக மாற்றும்போது, சியானையும் மெஜந்தாவையும் ஏறக்குறைய ஒத்த அளவில் வைத்துவிடுகிறது. அவ்விரண்டும் ஒத்த அளவிற் சேர்ந்தால் விளைவது ஊதா. என் மாணவியின் களப்பு கத்தரிப்பூவானது இவ்வாறுதான். நீலம் நீலமாகவே விழ வேண்டுமாயின், சியான் 100 எனில் மெஜந்தா 70க்கு மேற்படாமல் முன்னரே குறைத்து வைத்தல் வேண்டும். இதனைக் கோப்பு ஆயத்தஞ் செய்பவர் கைப்படச் செய்ய வேண்டும். யந்திரம் ஓடத் தொடங்கியபின் மை ஆணியைத் திருகி நீலத்தை மீட்க முயன்றால், அதே தாளிலுள்ள மற்றைப் படங்களில் மனித முகங்கள் வெளிறிப் போகும்.

மாணவனின் முகம் கரியானதற்குக் காரணம் வேறு. புள்ளி கடதாசியிற் பதியும்போது பருக்கிறது. கொப்பித் தாளில் விழுந்த மைத்துளி பரவுவதைப் பிள்ளைகள் யாவரும் கண்டிருக்கிறார்கள். பரப்பிற் பாதியை மூடும்படி, அதாவது 50 விழுக்காடு என்று, தகட்டில் அமைத்த புள்ளிகள், மினுக்குப் பூச்சுள்ள ஆர்ட் கடதாசியில் 65 அளவாகவும், பூச்சில்லாத சாதாரணக் கடதாசியில் 70க்கும் மேலாகவும் பருத்து விழும். இது குற்றமன்று, இயற்கை. அதனைக் கணக்கில் எடாமையே குற்றம். நாங்கள் செலவைக் குறைக்க உட்பக்கங்களுக்குப் பூச்சில்லாத கடதாசியைத் தெரிந்திருந்தோம். படமோ ஆர்ட் கடதாசிக்கு ஏற்றவாறு இருந்தது.

இந்த இடத்தில் நம்மவர் முகங்களைப் பற்றி ஒரு சொல். கருமையும் கபிலமும் கலந்த நம் முகங்களில், கன்னத்துக்கும் கண்குழிக்கும் இடையேயுள்ள வேறுபாடெல்லாம் நடுத்தரம் முதல் இருண்ட பகுதி வரையிலான அளவுகளிலேதான் அடங்கியிருக்கிறது. புள்ளி மிகப் பருப்பதும் அங்கேதான். ஆதலின் வெளிறிய முகங்களைக் காட்டிலும் நம் முகங்களே புள்ளிப் பருமனால் முதலில் அழிவன. படத்தை வெளுப்பாக்கி முகத்துக்கு இல்லாத நிறம் கொடுப்பது பரிகாரமன்று. கலியாண அழைப்பிதழ்களில் அந்தப் பொய்யை நாம் போதிய அளவு பார்த்துவிட்டோம். நடுத்தர அளவுகளை மட்டும், கடதாசி எவ்வளவு பருக்கச் செய்யுமோ அவ்வளவுக்கு முன்கூட்டித் தளர்த்தி, இருளிலும் நுண்மையைத் தங்க விடுவதே முறை. பழகிய கைக்கு இது சில நிமிட வேலை. ஆனால் எந்தக் கடதாசி என்பது அந்தக் கைக்கு முதலிலே தெரிந்திருக்க வேண்டும்.

மேலும், நான்கு மைகளும் முழு அளவில் ஒரே இடத்தில் விழுந்தால் மொத்தம் 400 விழுக்காடு ஆகும். எந்தக் கடதாசியும் அதனைத் தாங்காது. மை உலராது, அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஆர்ட் கடதாசிக்கு 300 அளவிலும், செய்தித்தாட் கடதாசிக்கு 240 அளவிலும் மொத்த மையை நிறுத்துவது அச்சுத் தொழிலாளர் வழக்கம். கருநீலப் பின்னணி என்று நான் ஆசைப்பட்டுக் கேட்டது இவ்வெல்லையைத் தாண்டியிருந்தது.

எழுத்துக்களின் செய்தி இன்னும் எளிது. சிறிய கறுப்பெழுத்தைக் கறுப்பு மை ஒன்றினால் மட்டுமே அச்சிடல் வேண்டும். நான்கு மைகளையும் கலந்து அமைத்த கறுப்பு, பெரிய பரப்புக்கு ஆழந்தரும். சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்பது பலர் கையாளும் கலவை. அதனையே சிறிய எழுத்துக்கு இட்டால், நான்கு தகடுகளும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிடின் எழுத்துக்கு நிழலடிக்கும். வெள்ளெழுத்துக்கோ ஆபத்து மிகுதி. நான்கு மைகளும் சூழ நின்று அதன் வாயை அடைக்கப் பார்க்கின்றன. தமிழெழுத்துக்கு இது தனித் துன்பம். ணகர னகரங்களின் சுழிகள் முதலில் அடைபடும். மெய்யின் தலைமேலுள்ள புள்ளி மறைந்துபோகும். புள்ளி போனால் மகர ஒற்று மகரமாகிவிடுகிறது. பெயர் வேறு பெயராகிவிடுகிறது. அம்மாணவனின் பெயருக்கு நேர்ந்ததும் இதுவே. ஒரே மையாலான பின்னணி, தடித்த எழுத்து, சற்றுப் பெரிய அளவு: இம்மூன்றையும் வேண்டியிருந்தால் அத்தீங்கு நேர்ந்திராது.

நான்கு மைகளாற் பெற முடியாத, அல்லது ஆண்டுதோறும் பிசகாமல் ஒன்றாகவே இருக்க வேண்டிய நிறத்துக்குத் தனி மையைக் கூட்டுவதே நன்று. பாடசாலைச் சின்னத்தின் மெரூன் நிறம், கூட்டுறவுச் சங்கத்தின் முத்திரைப் பச்சை போன்றவை இவ்வகையின. மை கூட்டுதலாகிய பழைய கலை உயிரோடு இருப்பது இங்கேதான். 1963இல் அமெரிக்காவிலே பாண்டோன் என்னும் நிறுவனம், அடிப்படை மைகள் சிலவற்றை எந்த எந்த நிறையிற் கலந்தால் எந்த நிறம் பிறக்கும் என்று அச்சிட்ட மாதிரி விசிறி ஒன்றை வெளியிட்டது. அச்சகங்கள் பலவற்றிலே அவ்விசிறியை இன்றும் காணலாம். அதில் ஒரே எண்ணுக்கு இரண்டு மாதிரிகள் இருக்கும்: ஒன்று பூச்சுள்ள கடதாசிக்கு, மற்றது பூச்சில்லாததற்கு. மையின் சூத்திரம் ஒன்றே. தோன்றும் நிறம் இரண்டு. நம் முதியவர் சொன்னதை அமெரிக்கரும் அறிந்திருந்தனர் போலும்.

கூட்டும் முறையிலே நான் கேட்டறிந்தவற்றைச் சொல்கிறேன். கண்ணளவு உதவாது; தராசு வேண்டும். மெல்லிய நிறத்தை முதலில் வைத்து, அடர்ந்த நிறத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். இளம்பச்சை வேண்டுவோர் மஞ்சளை நிறுத்து வைத்துக்கொண்டு, நீலத்தைக் கத்தி நுனியால் எடுத்துச் சேர்ப்பர். நீலத்தோடு தொடங்கியவர் மஞ்சளைக் கொட்டிக்கொண்டே போய், 1 கிலோ மை தேவைப்பட்ட இடத்தில் 3 கிலோவுடன் திகைத்து நிற்பார். நிறத்தை இளக்குவதற்கு இரு வழிகள் உண்டு. ஊடுருவும் வெண்மையைச் சேர்த்தால் நிறம் தெளிவு குன்றாமல் இளகும். மறைக்கும் வெண்மையைச் சேர்த்தால் பாலூற்றியது போல் மங்கும். இரண்டையும் வேறுபாடின்றி வெள்ளை என்றே அழைப்பதால் நேரும் குழப்பம் சிறிதன்று. இரண்டு மூன்று மைகளுக்கு மேற் கலப்பது நிறத்தைச் சேறாக்கும். பழைய கலவை ஒட்டிய கத்தியாற் புதிய மஞ்சளைத் தொட்டால் அது அன்றே கெட்டது.

கலந்தபின் சோதனை. அச்சிடவிருக்கும் அதே கடதாசியின் துண்டில், விரல் நுனியால் மிகச் சிறிதளவு மையைத் தொட்டு, மேன்மேலும் தட்டித் தட்டிப் பரப்புவர். அச்சுப் படலத்தின் மென்மை வரும்வரை தட்டுதல் வேண்டும்; தடிப்பாகப் பூசிய மை எப்பொழுதும் இருண்டு காட்டி ஏமாற்றும். பின் அத்துண்டை உலர விடுவர். ஈர மை பளபளக்கும். உலர்ந்ததும் பூச்சில்லாத கடதாசியில் நிறம் சற்று இறங்கிவிடும். ஈரத்திலே ஒத்திருந்தால் உலர்ந்தபின் ஒத்திராது. அவசரக்காரர் தவறுவது இங்கேதான். திருப்தியான பின்னரே ஒவ்வொரு மையின் நிறையையும் குறித்து, முழு வேலைக்கும் போதுமானதை ஒரே தடவையிற் கூட்ட வேண்டும். உருளைகள் தாமும் ஒரு பங்கு மையைக் குடித்துவிடுமாதலால் சற்று மிகுதியாகவே கூட்டுவர். பாதி வேலையில் மை தீர்ந்து மறுபடி கூட்டினால், சகோதரர் இருவரைப் போல் ஒத்தும் ஒவ்வாமலும் இருக்கும்.

எந்த வெளிச்சத்திற் பார்ப்பது என்பதும் வினாவே. மின்குழாய் விளக்கின்கீழ் இரட்டைப் பிள்ளைகள் போல் ஒத்த இரு நிறங்கள், வாசலுக்கு வந்ததும் பிரிந்து நிற்கும். பெரிய அச்சகங்களில் 5000 கெல்வின் அளவான நியம விளக்கின்கீழ் வைத்துப் பார்ப்பர். அது இல்லாத இடத்தில், நேர் வெயில் படாத விறாந்தையில், நண்பகலை அண்டிய பொழுதிற் பார்ப்பது போதும். சேலை வாங்கப் போன பெண்கள் துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்பதை நாம் நகைக்கிறோம். அவர்கள் செய்வதே சரி.

இனி எங்கள் கரைக்கே உரிய ஒரு செய்தி. புத்தளம் உலர் வலயத்தைச் சார்ந்தது, மழை குறைவு, அதனாலன்றோ உப்பு விளைகிறது. ஆயினும் கடலும் களப்பும் இருபுறமும் அணைத்திருப்பதால் காற்றில் ஈரம் மிகுதி. இரவில் உப்பு மூட்டை கசிவதை உப்பளத்தார் அறிவர். கடதாசியும் அவ்வாறே ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் நீளும், அடுக்கின் ஓரங்கள் அலையலையாக நெளியும். முதல் மை விழுந்தபோது இருந்த அளவு மூன்றாம் மை விழும்போது இராது. பின் தகடுகள் எவ்வாறு பொருந்தும்? அச்சுக்கூடத்தின் காற்றில் ஈரம் 50 முதல் 55 விழுக்காடு இருப்பது நன்று என்பர். சிவகாசியின் வறண்ட காற்று தீப்பெட்டிக்கும் வெடிக்கும் மட்டுமன்று, அச்சுக்கும் வாய்ப்பாக அமைந்தது. கரையோர அச்சகத்தார் குளிர்சாதன அறையிலே கடதாசியைப் பொதி பிரிக்காமல் ஒரு நாளாவது வைத்து, அறையின் வெப்ப நிலையோடு இசைந்தபின்னரே பிரித்தல் வேண்டும். ஓப்செட் மையின் எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகுவது. ஈரக் காற்றில் அது தாமதிக்கும். ஆதலின் அச்சான தாள்களை உயர அடுக்காமல், சிறு அடுக்குகளாக வைத்து, மாப்பொடி தூவி உலர விடுவர். தகட்டை நனைக்கும் நீரையும் மறக்கலாகாது. அதன் அமில அளவு 4.5க்கும் 5.5க்கும் இடையில் நிற்க வேண்டும். மிகுதியாகப் புளித்தால் மை உலர மறுக்கும். புளிப்புக் குன்றினால் வெற்றிடத்திலும் மை படரும். ஊருக்கு ஊர் கிணற்றுநீர் வேறுபடும் எங்கள் பக்கத்தில், நீரைச் சோதியாமல் ஊற்றுவது துணிச்சல்.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். முன்னேஸ்வரத் திருவிழாவுக்கும் தலவில அன்னம்மாள் பெருவிழாவுக்கும் ஒட்டிய சுவரொட்டிகள் சில மாதங்களில் நீலம் பாரித்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். ஒளியைத் தாங்கும் ஆற்றலை 1 முதல் 8 வரையிலான படிகளில் அளப்பர். வழக்கமான சியானும் கறுப்பும் 8ஆம் படியில் நிற்க, மஞ்சளும் மெஜந்தாவும் 5 அளவிலேயே நிற்கின்றன. முதலில் மஞ்சள் போகும், மெஜந்தா தொடரும், எஞ்சுவது நீலம். வெயிலில் நிற்கவேண்டிய அச்சுக்கு ஒளி தாங்கும் மையைக் கேட்டு வாங்குதல் வேண்டும். கேளாதவருக்கு அச்சகத்தார் வழக்கமான மையையே இடுவர்; அதற்காக அவர்களை நோவதிற் பயனில்லை.

அச்சுக்குக் கொடுப்போர் கேட்க வேண்டியவை சில உள. எந்தக் கடதாசி என்பதை முதலிலே முடிவு செய்து, அதில் அச்சான மாதிரித் தாளைக் காட்டும்படி கேளுங்கள். இலக்கமுறை யந்திரத்தில் எடுத்த ஒற்றைப் பிரதி எழுத்துப் பிழை பார்க்க உதவும். அந்த யந்திரத்தின் மையும் வேறு, கடதாசியும் பெரும்பாலும் வேறு ஆதலின் நிறத்துக்கு அது சான்றாகாது. யந்திரம் ஓடும் நாளில் நேரிற் சென்று, முதல் நல்ல தாளில் கையொப்பமிட்டு வாருங்கள். புத்தளத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். முதன்முறை அந்தப் பயணத்தைச் செய்யாமல் விட்டவன் நான். ஆகவே சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

அட்டையைத் திரும்ப அச்சிடப் பணம் இருக்கவில்லை. கத்தரிப்பூக் களப்புடனேயே மலரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஓவியம் தீட்டிய மாணவியிடம் நானே சென்று மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, மாலைக் கருக்கலில் சில வேளை அப்படியும் இருக்கும் சேர் என்றாள். நினைவுப் பக்கத்தை மட்டும் ஆசிரியர்கள் தம் கைப்பணம் இட்டு, தனித் தாளாக, வேறோர் அச்சகத்தில் அச்சிட்டோம். ஒரே கறுப்பு மை, பூச்சுள்ள கடதாசி, வெண் பின்னணி, படத்தின் நடுத்தரங்கள் தளர்த்தப்பட்டிருந்தன. பெயர் தடித்த கறுப்பெழுத்தில் விழுந்தது. மூன்று மாதிரித் தாள்களை உலரவைத்து, விறாந்தையில் வரிசையாக வைத்துப் பார்த்தே ஒன்றைத் தேர்ந்தோம்.

தாளைப் பெற்றுக்கொள்ளத் தாயார் வந்தபோது அலுவலகத்தின் மின்குழாய் எரிந்துகொண்டிருந்தது. அவரை வெளியே அழைத்துச் சென்று கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தபின், இடப்புருவத்தின் மேலிருந்த சிறு தழும்பைத் தொட்டுக் காட்டி, ஐந்து வயதிலே தோணி விளிம்பில் இடித்துக்கொண்டது என்றார். அடையாள அட்டைப் படத்தில் அதனை நான் கண்டதே இல்லை.

தேர்ந்தெடுத்த மாதிரித் தாளை, வெளிச்சம் படாதவாறு உறையிலிட்டு, கடதாசியின் வகையையும் திகதியையும் உறைமேல் எழுதி அலுவலக இழுப்பறையில் வைத்திருக்கிறோம். அடுத்த மலருக்குரிய மெரூன் மையின் நிறைக் குறிப்பும், அதில் தட்டிப் பார்த்த கடதாசித் துண்டும் அதே உறையில் இருக்கின்றன.